கண்டி, எல்ல, அப்புத்தளை: மலையகத்தில் யோகா தேடி

கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகையையும் ஏரியையும் பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடுவார்கள். எனக்கு அந்த ஊர் என்றாலே யோகா குரு சச்சிதானந்தர்தான். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் பிறந்தவர். ரிஷிகேஷில் சிவானந்தரிடம் துறவு பெற்று, 1953இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலையிலும் பின்பு கண்டியிலும் ஆசிரமம் நடத்திவிட்டு 1966இல் அமெரிக்கா போனார். 1969 வுட்ஸ்டாக் இசை விழாவில் தொடக்க உரை அவருடையது. அவரிடம் யோகா படித்த டாக்டர் டீன் ஆர்னிஷ், ஆசனம், தியானம், கொழுப்புக் குறைந்த சைவச் சாப்பாடு, நடை எல்லாம் சேர்ந்தால் இதய ரத்தக்குழாய் அடைப்புக் குறையலாம் என்று 1990இல் ஆய்வு வெளியிட்டார். யோகா தனியாகச் செய்த வேலை இல்லைதான். ஆனாலும் கண்டியில் வாழ்ந்த ஒரு தமிழரின் பாடம் இதய நோயாளிகள் வரை போய்ச் சேர்ந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

எல்லவில் வெளிநாட்டுப் பயணிகளுக்காக நடக்கும் ஒரு காலை வகுப்பில் சேர்ந்தேன். அஷ்டாங்க வின்யாச முறை. மைசூரில் கிருஷ்ணமாச்சாரியாரிடம் படித்த பட்டாபி ஜோயிஸ் பரப்பியது. மூச்சின் கணக்கில் ஆசனம் மாறிக்கொண்டே இருக்கும், மலைக் குளிரிலும் வேர்த்துவிடும். அதே குருவிடம் படித்த பி.கே.எஸ். ஐயங்காரின் வழி வேறு: பெல்ட், மரக்கட்டை, நாற்காலி எல்லாம் துணைக்கு வைத்து, ஒரே ஆசனத்தில் நிதானமாக நின்று உடம்பை நேராக்குவது. மூட்டு வலி உள்ளவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் அப்புத்தளை. அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் சிநேகிதி பாடசாலை ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு யோகா சொல்லிக்கொடுக்கிறார். பல தோட்டங்களில் ஒரு நாள் சம்பளத்துக்கு 18 கிலோ வரை கொழுந்து கேட்கிறார்கள். சரிவில் நின்று குனிந்து பறிக்க வேண்டும். கூடையின் கயிறு தலையில் மாட்டியிருக்கும், பாரமெல்லாம் கழுத்தில் இறங்கும்.

"ராத்திரி திரும்பிப் படுக்க முடியலைங்க டீச்சர், கழுத்து ரெண்டு பக்கமும் இறுகிப் போயிருது" என்றார் ஓர் அம்மா.

"குனியிற ஆசனம் உங்களுக்கு இப்ப வேணாங்க அக்கா. நாள் பூரா குனிஞ்சுதானே நிக்கிறீங்க?" என்றார் சிநேகிதி. குப்புறப் படுக்கவைத்து, புஜங்காசனத்தில் நெஞ்சை மட்டும் கொஞ்சமாகத் தூக்கச் சொன்னார். பிறகு சுவரோடு நின்று தோளை விரிப்பது, கழுத்தை மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ப்பது. கடைசியில் மல்லாந்து அசையாமல் படுக்கும் சவாசனம். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கச் சொன்னார். அப்படி விடும்போது இதயத் துடிப்பு தணியும், இறுகிய தசையும் இளகும். இரண்டு பேர் அங்கேயே தூங்கிவிட்டார்கள். யாரும் எழுப்பவில்லை.

நாட்பட்ட இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன்னால் முயலக்கூடிய வழிகளில் யோகாவையும் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2017இல் சேர்த்தது. எல்லவில் காசு கொடுத்து வருகிறவர்களைவிட இந்தப் பெண்களுக்கு அது எவ்வளவு அவசரம் என்று பட்டது. பாரம் குறையாமல் வலி முழுதாகப் போகாது, அது தோட்ட நிர்வாகம் செய்ய வேண்டியது. ஆனால் இன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்க இது உதவுகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பிரஷர், கிளாக்கோமா (கண் அழுத்த நோய்), கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கும் சிரசாசனம், தோளில் நிற்கும் சர்வாங்காசனம் பக்கம் போக வேண்டாம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

அந்த மண்டபத்தில் சிமெந்துத் தரை, மழைக் காலத்தில் ஈரம் ஏறிவிடும். பெண்கள் பழைய சாக்கை விரித்துத்தான் படுக்கிறார்கள். மலையகப் பக்கம் போகிறவர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் யோகா விரிப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். இப்படி வகுப்பு நடக்கும் தோட்டத்தை விசாரித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.