பழைய டிடிபி கம்ப்யூட்டருக்கு ஒரு முழு இமேஜ்

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்திலிருந்து போன். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் ஆவணி முகூர்த்தப் பத்திரிகையெல்லாம் ஆடியில்தான் அச்சுக்கு வரும். இந்த நேரம் பார்த்து, பத்திரிகையை வடிவமைக்கும் டிடிபி கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து உறைந்து நிற்கிறதாம்.

விண்டோஸ் 7, 32 பிட். வடிவமைப்புக்கு பேஜ்மேக்கர் 7. நெட் இணைப்பே கொடுக்காத மெஷின், அதனால் வைரஸ் தொல்லை இல்லாமல் ஓடியிருக்கிறது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டதும் மஞ்சள், அதாவது எச்சரிக்கை. சி5 வரிசையில் பூஜ்ஜியம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு எண். டிஸ்க்கால் வாசிக்க முடியாமல் திணறும் செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை அது. நாளைக்கே போகலாம், தீபாவளி வரையும் இழுக்கலாம்.

"பைலெல்லாம் பென்டிரைவ்ல கிடக்கே தம்பி, பொறவென்ன?" என்றார் அண்ணாச்சி.

பென்டிரைவை என் லேப்டாப்பில் செருகி, பாமினி ஃபாண்டில் அடித்த ஒரு வேர்டு பைலைத் திறந்து காட்டினேன். 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குப்பை. யூனிகோடுக்கு முந்தைய ஃபாண்டுகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்தவை. ஃபாண்ட் இல்லையென்றால் பைல் இருந்தும் பிரயோஜனமில்லை. கல்யாணப் பத்திரிகைக்கென்று காசு கொடுத்து வாங்கிய ஃபாண்ட் தொகுப்பு வேறு இதில் இருக்கிறது. அதன் சிடி எங்கே என்று கேட்டால் அண்ணாச்சி மகனைப் பார்க்கிறார், மகன் மேலே பரணைப் பார்க்கிறான்.

ஆகவே பைல் காப்பி போதாது. விண்டோஸ், பேஜ்மேக்கர், ஃபாண்டுகள், கீபோர்டு டிரைவர், பிரிண்டர் செட்டிங் எல்லாவற்றையும் சேர்த்து டிஸ்க்கையே இமேஜ், அதாவது அப்படியே முழு நகலாக, எடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பழைய டிஸ்க்குக்குப் பதிலாகப் போட எஸ்எஸ்டி வாங்கப் போனேன். கடைக்காரர் 480 ஜிபியை எடுத்து நீட்டினார். பழைய டிஸ்க் 500. "உள்ளே இருக்கிறதே 140 ஜிபிதானே சார்" என்றார். கணக்கு சரிதான், ஆனால் இமேஜ் எடுக்கும் மென்பொருளான குளோன்ஜில்லா அப்படிப் பார்ப்பதில்லை. பயன்பட்ட பகுதியை மட்டும்தான் இமேஜில் எடுக்கும். ஆனாலும் திரும்ப இறக்கும்போது, புது டிஸ்க் பழையதன் அளவாவது இருக்க வேண்டும் என்று நிற்கும். பார்ட்டிஷனை (சி, டி என்ற டிஸ்க் பிரிவுகளை) சுருக்கிச் சமாளிக்க வழி உண்டு. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அந்த வேலையைச் செய்ய எனக்கு மனசு வராது. 512 வாங்கிவிட்டேன்.

அச்சக ஆபரேட்டர், "சிஸ்டம் ரீஸ்டோர் ஆன்லதான் இருக்கு சார்" என்றார். அது விண்டோஸின் செட்டிங்கைப் பின்னால் தள்ளுகிற வசதி. அதன் ரீஸ்டோர் பாயின்டுகளும் அதே டிஸ்க்கில்தான் கிடக்கும். டிஸ்க் போனால் அதுவும் போச்சு.

ஆகஸ்ட் 6, புதன்

நாளைக்கு இந்தப் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. அதனால் இன்று ராத்திரியே உட்கார்ந்தாயிற்று, யுபிஎஸ் துணையோடு.

முதலில் டிஸ்க் பிழைகளைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் ஓட்டலாமா என்று ஆபரேட்டர் கேட்டார். கூடாது. வாசிக்கவே திணறும் டிஸ்க்கில் எழுதவும் வைத்தால் இருப்பதும் போகும். முதலில் இமேஜ், ரிப்பேர் எல்லாம் பிறகு, அதுவும் புது டிஸ்க்கில். முறையாக ஷட்டவுன் கொடுத்து, குளோன்ஜில்லா பென்டிரைவில் பூட் செய்தேன். பிகினர் மோடை விட்டுவிட்டு எக்ஸ்பர்ட் மோட், அதில் 'ரெஸ்க்யூ' என்ற தேர்வு. வாசிக்க முடியாத இடம் வந்தால் நின்றுவிடாமல் தாண்டிப் போகச் சொல்வது அது. இமேஜ் போவது ஒரு 1 டிபி வெளி டிஸ்க்குக்கு.

சி டிரைவ் மளமளவென்று போனது. டி டிரைவில் ஓரிடத்தில் வேகம் சரிந்து, மீதி நேரம் என்று காட்டும் எண் இறங்குவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனது. டிஸ்க்கிலிருந்து டிக் டிக் சத்தம். அண்ணாச்சி சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு மணிக்கு மேல் முடிந்தது. இமேஜ் சரியாக இருக்கிறதா என்று குளோன்ஜில்லாவே ஒருமுறை சோதிக்கும். நேரம் தின்னும் என்று பலர் அதைத் தவிர்ப்பார்கள். நான் தவிர்ப்பதில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ரீஸ்டோர். முதல் வேலையாகப் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றினேன். குளோன்ஜில்லா திரையில் டிஸ்க்குகள் எஸ்டிஏ, எஸ்டிபி என்றுதான் வரிசை கட்டும். தூக்கக் கலக்கத்தில் ஒன்றுக்கு மற்றதைத் தேர்ந்தால் எல்லாம் காலி. "நிச்சயம்தானா?" என்று அது இரண்டு தடவை கேட்பதும் அதற்காகத்தான்.

எஸ்எஸ்டியில் விண்டோஸ் எழுந்தது, பழைய வால்பேப்பரோடு. பேஜ்மேக்கரில் போன வைகாசிப் பத்திரிகை ஒன்றைத் திறந்தோம். மணமக்கள் பெயர், மொய் எழுதுமிடம், கீழே தாய்மாமன் வரிசை, எல்லாம் அச்சுக்குப் போன அதே ஃபாண்டில். பழைய டிஸ்க்கில் தாண்டிப் போன இடங்களில் என்ன போயிற்று என்று தெரிய, டி டிரைவை பென்டிரைவ் காப்பியோடு ஒப்பிட்டேன். சில ஸ்கேன் படங்கள் திறக்கவில்லை. அவை பென்டிரைவில் நன்றாக இருந்தன. அண்ணாச்சி பையன் மாதாமாதம் எடுத்த காப்பி கைகொடுத்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

மதர்போர்டு போனால் என்ன செய்வது என்று பையன் கேட்டான், நல்ல கேள்வி. கடையில் கிடந்த இன்னொரு பழைய மெஷினில் அதே இமேஜை இறக்கிப் பார்த்தேன். நீலத்திரை, விண்டோஸ் தன் டிஸ்க்கையே எட்ட முடியாதபோது வரும் 7பி எரர். பயாஸில் (மெஷினின் அடிப்படை செட்டிங்கில்) டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடு ஏஹெச்சிஐயில் இருந்தது, அச்சக மெஷினில் ஐடிஇ. மாற்றியதும் விண்டோஸ் வந்துவிட்டது.

வராதது ஃபாண்ட் தொகுப்பு. அது யுஎஸ்பியில் செருகும் டாங்கிள் என்ற சாவித் துண்டு இருந்தால்தான் திறக்கும், டாங்கிளை எந்த இமேஜிலும் எடுக்க முடியாது. முதல் மெஷினிலிருந்து பிடுங்கி இதில் செருகினோம், வேலை செய்தது. அந்தச் சின்னத் துண்டை முன்பக்க போர்ட்டிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றச் சொன்னேன். முன்பக்கம் என்றால் கால் பட்டு உடைகிற இடம்.

வெளி டிஸ்க் அண்ணாச்சி வீட்டு பீரோவுக்குப் போகிறது. ஒரு நகல் என்னிடம். புது ஃபாண்டோ பிரிண்டரோ ஏற்றினால் மறுபடி இமேஜ், மற்றபடி டி டிரைவ் மட்டும் வாராவாரம் வேறொரு டிஸ்க்குக்கு. காப்பி முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும் என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன்.

பில்லைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி, "சிடியே இல்லாம ஏத்திட்டீங்களே தம்பி, அப்போ கூலியைக் கொறைக்கலாம்லா?" என்றார். சிடி இல்லாததால்தான் அண்ணாச்சி இந்தக் கூலி என்றேன். சிரித்துக்கொண்டே முழுசாகக் கொடுத்தார்.