கள்ளக்குறிச்சி முகவரியும் திரிலோக்புரித் தெருக்கணக்கும்

மாவட்டந்தோறும் இளைஞர் பணிகளுக்கு மத்திய அரசு எடுக்கும் தேசிய இளைஞர் தொண்டர்களின் தேர்வுப் பட்டியல் சென்ற வாரம் வந்தது. இரண்டாம் முயற்சியில் என் பெயர் அதில் இருக்கிறது. முதல் முறை என்னை வீழ்த்தியது நேர்முகத் தேர்வு அல்ல, என் ஆதார் அட்டை.

நான் தில்லி திரிலோக்புரியில் பிறந்து வளர்ந்தவள். ஆயினும், ஊர் ரேஷன் அட்டையிலிருந்து பெயர் போய்விடுமோ என்று அப்பா அஞ்சியதால், எங்கள் அனைவரின் ஆதாரிலும் கள்ளக்குறிச்சிக்கு அருகிலுள்ள கிராமத்தின் முகவரியே இருந்தது. அந்தந்த மாவட்டத்தில் வசிப்பவர்களையே எடுப்பார்கள் என்று தெரிந்திருந்தும், பேசிச் சமாளித்துவிடலாம் என நினைத்துப் போனேன். சான்றிதழ் சரிபார்க்கும் மேசையையே தாண்ட முடியவில்லை. அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இன்றே முகவரியை மாற்றிவிடுங்கள். முகவரிச் சான்றுக்கான வாடகை ஒப்பந்தத்தை எழுதித் தர எங்கள் வீட்டுக்காரர் நான்கு மாதம் இழுத்தடித்தார் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எழுத்துத் தேர்வு இல்லாததால் எல்லாம் நேர்முகத்தைப் பொறுத்தது. இரண்டாம் முறை, விவேகானந்தரைப் பற்றி நான் இந்தியில் மனப்பாடம் செய்திருந்த உரையைத் தேர்வுக் குழுவினர் இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டு, "உங்கள் பகுதியில் அங்கன்வாடி எத்தனை? இளைஞர் மன்றம் இயங்குகிறதா?" என்று கேட்டார்கள். நல்லவேளையாக, அதற்கு முந்தைய மூன்று வாரங்கள் மாலைதோறும் ஒரு குறிப்பேட்டுடன் தெருத்தெருவாக நடந்திருந்தேன். பூட்டியே கிடக்கும் மொகல்லா கிளினிக் (தில்லி அரசின் தெரு மருத்துவ மையம்), பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பையன்கள் கூடும் தேநீர்க் கடை என்று குறிப்பேட்டைப் பார்க்காமலே சொன்னேன். என்னைக் கேட்டால், பொது அறிவுப் புத்தகங்களை மூடி வைத்துவிட்டு நடக்கத் தொடங்கலாம். கூச்சம் மிகுந்தவர்களுக்கு இது கடினமாக இருக்கலாம்.

அடுத்து, மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் எப்படிக் காலம் தள்ளுவீர்கள் என்ற கேள்வி வந்தது. இது வேலைவாய்ப்பன்று, அரசு வேலை கோரும் உரிமையையும் தராது என்பதை அறியாதவர்போல், "பின்னால் நிரந்தரமாகும் என்ற நம்பிக்கை" என்று பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான், அம்மாவின் இட்லிக் கடையில் வீடு ஓடுகிறது, 2019 முதல் தில்லிப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, ஆகவே தொகை என் உணவுக்கும் கைப்பேசிக்கும் போதும் என்று கணக்காகவே சொன்னேன்.

மற்றவை சுருக்கமாக:

- வயது 18 முதல் 29 வரை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும்.
- கல்லூரியில் முழுநேரம் படிப்பவர்கள் விண்ணப்பிக்க இயலாது. என்னைவிடத் தகுதியான என் தோழி இதனால்தான் ஒதுங்கினாள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.
- மதிப்பெண் பட்டியலிலும் ஆதாரிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நம்மவர்களின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னாலும் ஓரிடத்தில் அப்பா பெயராக விரிந்தும் நிற்கும்.
- நேர்முகத்துக்கு, யமுனைக்கு இக்கரையில் எங்கள் பகுதியில் பேசும் இந்தியே போதும்.

ஓர் ஆண்டு பணி, நீட்டித்தால் இரண்டு. ஊர் ரேஷன் அட்டையில் என் பெயர் இருக்கிறதா என்று அப்பா இன்னும் வாரந்தோறும் சித்தப்பாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், இதுவரை இருக்கிறது.