தெருவில் பிறந்த குட்டிக்கு வீடு பார்த்துக் கொடுக்கும்போது

மழை ஓய்ந்து பனி தொடங்கும் மாதங்களில் சென்னைத் தெருக்களில் நாய்க்குட்டிகள் அதிகம் கண்ணில் படும். நின்றுபோன காருக்கு அடியிலும், கட்டட வேலைக்குக் கொட்டிய மணலிலும் நாலைந்தாகச் சுருண்டு கிடக்கும். உடனே தூக்கி யாரிடமாவது கொடுத்துவிட மனம் பரபரக்கும். அந்த அவசரம்தான் முதல் தவறு. தாய் உயிரோடு இருந்து பால் கொடுத்தால், எட்டு வாரம் முடியும்வரை குட்டிகள் அதனிடமே இருக்கட்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்பது கூடப்பிறந்தவற்றோடு புரண்டு விளையாடும்போதுதான். ஐந்து வாரத்தில் பிரித்த குட்டி கையைக் காலைப் பிடித்தால் விடாது. "கடிக்குது" என்று ஒரு மாதத்தில் திரும்பி வருபவற்றில் பல இப்படிச் சீக்கிரம் பிரிக்கப்பட்டவை.

வயதை ஊகிக்க வாயைத் திறந்து பாருங்கள். கண்ணே திறக்கவில்லை என்றால் இரண்டு வாரத்துக்குள். பால்பல் முளைவிட்டிருந்தால் மூன்று, நான்கு வாரம். 28 பால்பல்லும் வந்துவிட்டால் ஏறக்குறைய எட்டு வாரம். முன்பல் விழுந்து பெரிய பல் முளைத்திருந்தால் நான்கு மாதம் ஆகியிருக்கும்.

காத்திருக்கும் நாட்களில் செய்ய நிறைய இருக்கிறது. நனையாத இடத்தில் சாக்கு விரித்து, தாய்க்கு வயிறு நிறையச் சோறும் முட்டையோ கோழியோ வையுங்கள். குட்டிக்கு மாட்டுப்பால் ஊற்ற வேண்டாம், பேதியாகும். வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பு தெரிந்தால் அது கொழுத்த குட்டி இல்லை, வயிற்றில் பூச்சி இருக்கிறது. இரண்டு வார வயதிலிருந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். அளவு எடையைப் பொறுத்தது. எனவே சமையலறைத் தராசில் ஒவ்வொரு குட்டியையும் நிறுத்து எழுதிக்கொண்டு மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து கொடுத்த பிறகு மலத்தில் சேமியா போலப் புழுக்கள் விழும், பயப்பட வேண்டாம். உண்ணிக்குப் பெரிய நாய்க்குப் போடும் மருந்தைக் குட்டிக்குத் தடவாதீர்கள், உயிருக்கே ஆபத்தாகலாம். சீப்பும் இடுக்கியும் போதும்.

முதல் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள். அதன்பின் மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். "ஒரு ஊசி போட்டாச்சே" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி பிடிக்காது. அது எந்த வாரம் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் இத்தனை முறை.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று நினைக்கும் வேளையில் பார்வோ என்னும் வைரஸ் நோய் வரும். கொடுத்த நான்காம் நாள் குட்டி சாப்பிட மறுக்கும், வாந்தி எடுக்கும், ரத்தம் கலந்து மோசமான நாற்றத்தோடு பேதி போகும். அந்த வீட்டில் ஏதோ தவறு நடந்தது என்று நினைப்போம். பெரும்பாலும் நோய் தெருவிலேயே தொற்றியிருக்கும், வெளியே தெரியப் பொதுவாக மூன்று முதல் ஏழு நாள் பிடிக்கும். ஆகவே குட்டியைத் தெருவிலிருந்து எடுத்த பிறகு குறைந்தது பத்து நாள், முடிந்தால் 14 நாள், நம் கண் பார்வையில் வைத்திருந்துதான் கொடுக்க வேண்டும். அறிகுறி தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, சில மணி நேரத்திலேயே உடம்பில் நீர் வற்றிவிடும். வாங்கப்போகும் வீட்டில் கடந்த ஓராண்டில் குட்டி எதுவும் பேதியில் இறந்ததா என்று கேட்கவே வேண்டும். மண்ணிலும் தரை இடுக்கிலும் அந்தக் கிருமி மாதக்கணக்கில் இருக்கும். வழக்கமான பினாயில் அதற்குப் போதாது. வீட்டு உபயோக ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து, கழுவிய தரையில் பத்து நிமிடம் நிற்க விட வேண்டும்.

குட்டிக்கு வெறிநோய் வராது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரும். விளையாட்டாகப் பல் பட்டு ரத்தம் கசிந்தாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

அறிவிப்புக்குப் படம் எடுக்கும்போது தரையில் உட்கார்ந்து குட்டியின் கண் மட்டத்தில், காலை வெளிச்சத்தில், ஒரு படத்துக்கு ஒரு குட்டி என்று எடுங்கள். ஆணா பெண்ணா, வயது, போட்ட ஊசி, எந்தப் பகுதி, வளர்ந்தால் ஏறக்குறைய எவ்வளவு பெரிதாகும் என எல்லாம் எழுதுங்கள். "லேப் (லாப்ரடார்) கலப்பு" என்று ஆசை காட்ட வேண்டாம். நாட்டு நாய் என்று சொல்லியே கொடுப்போம். அப்படி வாங்குகிறவர்தான் காது நிமிர்ந்து முகம் நீண்ட பிறகும் வைத்துக்கொள்கிறார்.

தொலைபேசியில் பேசும்போது நாங்கள் முதலில் கேட்பது: பகலில் வீட்டில் யார்? எட்டு வாரக் குட்டிக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளை சாப்பாடு. இரண்டாவது: பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? மூன்றாவது: வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் சம்மதமா? மாமியார் வேண்டாம் என்று சொல்லும் வீட்டில் குட்டி இரண்டு வாரம் தாங்காது. வாடகை வீடு என்றால் உரிமையாளர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அடுக்குமாடிச் சங்கம் தடுக்கிறது என்றால், பெரும்பான்மை முடிவு எடுத்தாலும் செல்லப்பிராணிக்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் கூறிய வழிகாட்டுதலைக் காட்டலாம். ஆனால் சண்டை போட்டு நிற்கும் தெம்பு அந்தக் குடும்பத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறந்தநாள் பரிசுக்குக் கேட்பவர், தோட்டத்தில் சங்கிலியில் கட்டிக் காவலுக்கு வைக்கப்போகிறவர், "இன்றைக்கே வேண்டும்" என்பவர், இவர்களுக்கு மறுப்புத்தான். ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டை முதன்முறையாக நாய் வளர்ப்பவருக்குக் கொடுப்பதில்லை. அவை மனிதரை விட்டு ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, பழக்குவது கடினமாகும். தீபாவளிக்கு முந்தின வாரத்திலும் கொடுப்பதில்லை. வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடும் குட்டிக்குப் புது வீட்டின் வாசல் தெரியாது.

நேரில் போய்ப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். கேட் கம்பி இடைவெளியில் குட்டியின் தலை நுழையுமா, மாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, எலி மருந்து எங்கே வைக்கிறார்கள், இதெல்லாம் நேரில்தான் தெரியும்.

பெண் குட்டி தேங்கிவிடும். இதில் எங்களுக்கு வருத்தம் அதிகம். நாலு ஆண் குட்டியும் போன பிறகு, எல்லாவற்றிலும் சூட்டிகையான பெட்டைக் குட்டி தனியாக நிற்கும். குட்டி போட்டுவிடும் என்றுதான் பலர் தயங்குகிறார்கள். ஆறு மாத வயதில் கருத்தடை செய்தால் அந்தத் தயக்கம் பாதி தீர்ந்துவிடும். அந்த மாதத்தை ஒப்படைப்புப் படிவத்திலேயே எழுதி, அறுவைக்கு அழைத்துப் போவதாக நாமே பொறுப்பேற்றால் பலர் சம்மதிக்கிறார்கள்.

படிவம் ஒரு பக்கம் போதும்: அடையாள அட்டை நகல், முகவரி, ஊசித் தேதிகள், கருத்தடை மாதம். முக்கியமான வரி, வளர்க்க முடியாவிட்டால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்பது. வளர்ப்பு விலங்கைக் காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி குற்றம். இதை மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள். மீன் மார்க்கெட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் நாய்கள் புதுக்குட்டியைக் கடித்துக் குதறிவிடும்.

ஒப்படைப்பது காலை நேரமாக இருக்கட்டும், இரவுக்குள் குட்டிக்கு இடம் கொஞ்சம் பழகும். பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன் சாப்பாடு வேண்டாம், ஆட்டோவில் வாந்தி எடுக்கும். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் செய்தித்தாளும், தாயும் மற்ற குட்டிகளும் படுத்த துணியும் போடுங்கள். அந்த வாசனைதான் முதல் இரவுக்குத் துணை. இதுவரை தின்றதையே ஒரு வாரம் கொடுத்து, பிறகு மெதுவாக மாற்றச் சொல்லுங்கள். ஊசி முடியும்வரை தெருவில் இறக்கிவிடக் கூடாது. தூக்கிக்கொண்டு பால்கனி, மாடி, வாசல் என்று காட்டலாம். மூன்று மாதத்துக்குள் கேட்டுப் பழகிய சத்தங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் பயப்படாது.

மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று கூப்பிட்டுக் கேளுங்கள். மூன்றாம் நாள்தான் முக்கியம். இரவெல்லாம் அழுகிறது, கூடமெல்லாம் ஈரம் என்று அலுப்பு தட்டும் நாள் அது. தூங்கி எழுந்ததும், தின்றதும் குறிப்பிட்ட இடத்துக்குக் கொண்டுபோங்கள், அடிக்காதீர்கள், படுக்கையைச் சில நாள் உங்கள் கட்டில் பக்கம் போடுங்கள் என்று அன்று பத்து நிமிடம் பேசினால் பல குட்டிகள் அந்த வீட்டிலேயே தங்கிவிடும்.

தாயை மறக்கக் கூடாது. எல்லாக் குட்டிகளையும் ஒரே நாளில் எடுத்தால் பால் கட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகச் சில நாள் இடைவெளியில் எடுங்கள். மடி சூடாகிக் கல்லாக இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பால் வற்றியதும் கருத்தடைக்கு மாநகராட்சியில் சொல்லுங்கள். 2023ஆம் ஆண்டு விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அறுவைக்குப் பின் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும். பிடித்த தேதியையும் இடத்தையும் குறித்துவைத்து, மாநகராட்சி வண்டி திரும்பி வரும் நாளில் தெருமுனையில் போய் நில்லுங்கள்.