ஒரே எண், இரண்டு ராத்திரி

மார்ச் 4, செவ்வாய்

தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்கும் எங்கள் லேபில், இன்றைய ராத்திரி ஒரு லாரி ஓட்டுநருக்கு. தலையில் பசை தடவி ஒயர்கள், மூக்கில் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப். "இத்தனையும் மாட்டிக்கிட்டு எப்படித் தம்பி தூங்குறது?" என்றார். படுத்ததும் குறட்டை.

பகல் தூக்கத்துக்கான எப்வொர்த் கேள்வித்தாளில் 24க்கு 5 போட்டிருக்கிறார். 10 தாண்டினால்தான் கவலை. வண்டி ஓட்டுபவர்கள் குறைத்துத்தான் எழுதுவார்கள், பிழைப்பு போய்விடுமே என்ற பயம். அவர் மனைவி பழைய ரிப்போர்ட் ஒன்றைக் கொடுத்தார். வீட்டிலேயே எடுத்தது, மணிக்கு 13 மூச்சுத் தடை, 'லேசு'. அந்தச் சின்னக் கருவிக்கு அவர் தூங்கினாரா விழித்திருந்தாரா என்றே தெரியாது. தடைகளைப் பதிவான மொத்த நேரத்தால் வகுத்துவிடும், எண் இறங்கிவிடும்.

மார்ச் 5, புதன்

பதிவை முப்பது முப்பது விநாடியாகப் பார்த்து முடித்தேன். அதிகாலை 3.40, கனவுத் தூக்கம். மூக்குக் கோடு படுத்துவிட்டது. நெஞ்சு ஏறும்போது வயிறு இறங்குகிறது, எவ்வளவு இழுத்தும் காற்று போகவில்லை. 52 விநாடி. பிறகு பெரிய குறட்டை, மூளைக் கோட்டில் விழிப்பு. மூச்சு திரும்பிய பிறகுதான் ஆக்சிஜன் அடியைத் தொட்டது, ரத்தம் விரலுக்கு வந்துசேர வேண்டுமே. 71 சதவீதம்.

குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றாலும், நிற்காமல் நன்றாகக் குறைந்து ஆக்சிஜன் இறங்கினாலும் அல்லது விழிப்பு வந்தாலும் ஒன்று என்று எண்ணுகிறோம். மொத்தத்தைத் தூங்கிய மணிகளால் வகுத்தால் ஏஎச்ஐ. இவருக்கு 24. 5 முதல் லேசு, 15 முதல் நடுத்தரம், 30 முதல் தீவிரம். ஆக, நடுத்தரமாம்!

மார்ச் 8, சனி

நேற்று வந்த டீச்சருக்கும் 24. ஆனால் எல்லாம் 12, 15 விநாடிதான், அதுவும் மல்லாந்து படுத்தபோது. ஆக்சிஜன் 90க்குக் கீழே இறங்கவே இல்லை. ஓட்டுநரோ ஒரு மணி நேரத்துக்கு மேல் 90க்குக் கீழே கிடந்தார். 52 விநாடியும் ஒன்று, 12 விநாடியும் ஒன்று என்று எண்ணினால் இரண்டு பேரும் ஒரே கட்டத்தில்தான் விழுவார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. 2019இல் வந்த ஆய்வு ஒன்றில் ஆக்சிஜன் சரிவின் ஆழத்தையும் நீளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். இதய நோய் மரணத்தை அது முன்கூட்டியே காட்டியது, ஏஎச்ஐ அந்த அளவுக்குக் காட்டவில்லை.

அதற்காக டீச்சருடையது லேசு என்று சொல்ல மாட்டேன். எப்வொர்த்தில் 16. வகுப்பிலேயே கண் சொருகுகிறதாம்.

மார்ச் 11, செவ்வாய்

ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே ஏஎச்ஐக்குப் பக்கத்தில் 90க்குக் கீழிருந்த நேரத்தையும் போட்டேன். டாக்டர் அதைத்தான் முதலில் பார்த்தார். டீச்சர் ஒருக்களித்துப் படுத்துப் பார்க்கட்டும், அசதி போகாவிட்டால் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் காற்றழுத்தக் கருவி என்றார். ஓட்டுநருக்கு வியாழன் ராத்திரியே அந்தக் கருவி, அதுவரை ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது.

போன் போட்டேன். "லோடு ஏத்தியாச்சு தம்பி, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றார். 71ஐச் சொன்னேன். பேச்சில்லை. மனைவி போனை வாங்கி, "வேற டிரைவரை அனுப்பச் சொல்றேன். வியாழக்கிழமை வந்துடுவாருங்க" என்றார்.