டெக்சாஸ் தம்பிக்கு குன்னூர்ல உக்காந்து துப்பாக்கி பாத்த கதை

எலெக்ஷன் முடிஞ்சு ஸ்டேஷன்ல இருந்து தாத்தாவோட ரெட்டைக்குழல் துப்பாக்கிய திருப்பி வாங்கிட்டு வந்து, அப்பா அத ஹால்ல பேப்பர் விரிச்சு போட்டு தேங்காண்ணை... இல்ல இல்ல மெஷின் ஆயில், தொடச்சிட்டு இருந்த ராத்திரிதான் சித்தப்பா பையன் டெக்சாஸ்ல இருந்து வீடியோ கால்ல வந்தான். அவனுக்கு அங்க காலைல காபி டைம். ஸ்க்ரீன்ல துப்பாக்கியப் பாத்ததும் பெரியப்பா எப்படி இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு நேரா விஷயத்துக்கு வந்துட்டான். "அண்ணா, நானும் ஒண்ணு வாங்கப் போறேன், லீவர் ரைஃபிள், பிஸ்டல் தோட்டா போடற மாதிரி, எத வாங்கறதுன்னு நீ சொல்லு."

என்னக் கேக்கறான். நான் வாழ்க்கைல சொந்தமா வாங்கின ஒரே ஆயுதம் கவாத்துக் கத்தி. ஆனா சின்ன வயசுல இருந்து துப்பாக்கி பத்தி எது கெடச்சாலும் படிக்கற பைத்தியம்னு குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும், அதுவும் போக துப்பாக்கி மருந்து செய்யற அருவங்காடு கார்டைட் ஃபேக்டரில முப்பது வருஷம் வேல பாத்தவர் பையன், அதனால எனக்கு எல்லாம் தெரியும்னு அவன் நெனப்பு.

லீவர் ஆக்‌ஷன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு, கௌபாய் படத்துல வருமே, ட்ரிகருக்கு கீழ ஒரு வளையம், அத முன்னாடி தள்ளினா சுட்ட கூடு வெளிய தெறிக்கும், பின்னாடி இழுத்தா அடுத்த தோட்டா உள்ள போய் உக்காரும், க்ளக் க்ளக்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அதேதான். தோட்டா எல்லாம் பேரலுக்கு அடில இன்னொரு குழாய்க்குள்ள ரயில் பெட்டி மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணா படுத்திருக்கும். அதனாலதான் அதுல கூர் மூக்கு குண்டு போடக் கூடாதுன்னு சொல்வாங்க, பின்னாடி தோட்டாவோட மூக்கு முன்னாடி தோட்டாவோட ப்ரைமர் மேல, அதாவது தட்டினா தீப்பொறி கெளப்பற அடிப் பொட்டு மேல, முட்டிட்டு நிக்கும், சுடும்போது உதைக்கற உதைல அது ஊசி மாதிரி குத்திச்சுன்னா குழாய்க்குள்ளயே வெடிச்சிரும். ரிவால்வர் தோட்டாவுக்கு பெரும்பாலும் மொக்கை மூக்கு, அந்தத் தொல்லை கம்மி.

நான் மொதல்ல துப்பாக்கி பேர் எதுவும் சொல்லல. உங்கிட்ட இப்ப என்ன தோட்டா இருக்குன்னு கேட்டேன். ஏன்னா எனக்கு இது மனசுல பதிஞ்சு போன ஒரு விஷயம். எட்டாவது படிக்கும்போது அப்பா ஒரு எஸ்டேட் பங்களாவுக்கு ஏதோ வேலையா கூட்டிட்டுப் போனாரு, அங்க வராண்டா செவுத்துல, காட்டெருமைத் தலைக்குக் கீழ ஒரு பழைய லீவர் ரைஃபிள் தொங்கிட்டு இருந்துச்சு. வெள்ளக்காரன் விட்டுட்டுப் போனது. நான் வாயப் பொளந்து பாத்துட்டே நின்னேன். அங்க இருந்த வாட்ச்மேன் தாத்தா சிரிச்சிட்டே சொன்னாரு, "அது வெறும் கம்பு தம்பி, அதுக்குத் தோட்டா கெடைக்கறத நிறுத்தி எத்தனையோ வருஷமாச்சு." லீவர் அசைஞ்சுது, பேரல் நேரா இருந்துச்சு, ஒரு கொறையும் இல்ல. தோட்டா இல்ல, அவ்ளோதான்.

இன்னிக்கும் இங்க அதே நெலமைதான். .38, 9 எம்எம் எல்லாம் போலீஸ் ராணுவம் பக்கம் போற குழல் அளவு (போர்னு சொல்வாங்க), நமக்குக் கெடையாது, அதனாலதான் இங்க ரிவால்வர்னா .32, ரைஃபிள்னா .315, மத்தபடி 12 போர். வெளிநாட்டுத் துப்பாக்கி தனி ஆளுங்க எறக்கறது 80கள்லயே நின்னு போச்சு. 2019ல சட்டத்த மாத்தி ஒருத்தருக்கு மூணு துப்பாக்கிங்கறத ரெண்டாக் கொறச்சுட்டாங்க. இங்க ஒருத்தன் இந்த கேலிபர், அதாவது தோட்டா அளவு, நல்லதா அந்த கேலிபர் நல்லதான்னு யோசிக்கறது, கல்யாணமே ஆகாதவன் பேரனுக்குப் பேர் யோசிக்கற மாதிரி.

தம்பிகிட்ட ஏற்கனவே ஒரு .357 மேக்னம் ரிவால்வர் இருக்கு. அவனுக்கு க்ரீன் கார்டு வந்தப்புறம் வாங்கினது. அதுக்கு முன்னாடி வேலை விசால இருந்தப்ப வேட்டை லைசென்ஸ் எடுத்தாத்தான் துப்பாக்கியத் தொடவே முடியும்னு அவன் சொன்னப்ப நான் நம்பல, ஆனா சட்டம் அப்படித்தான் இருக்கு. .357 ரிவால்வர் இருக்குன்னு அவன் சொன்னதும் என்னப் பொறுத்தவரைக்கும் பாதி முடிவாயிருச்சு. ஒரே டப்பா தோட்டா, ரெண்டு துப்பாக்கி. இது ஒண்ணும் புது யோசனை இல்ல, 1873ல வின்செஸ்டர் தன்னோட ரைஃபிள .44-40ங்கற தோட்டாவுல விட்டப்ப, அஞ்சு வருஷத்துல கோல்ட் கம்பெனிக்காரன் தன்னோட ரிவால்வரையும் அதே தோட்டாவுக்கு அடிச்சுக் குடுத்தான். குதிரைல போறவன் இடுப்புல ஒரே பெல்ட்டு, ஒரே தோட்டா, கைல எது இருக்கோ அதுல போட்டுக்கலாம். (படத்துல எல்லாம் .45 கோல்ட் ரிவால்வரும் அதே தோட்டாவுல வின்செஸ்டர் ரைஃபிளும் காட்டுவாங்க, அது டூப்பு. அந்தக் காலத்து .45 கோல்ட் தோட்டாவுக்கு அடி விளிம்பு ரொம்பச் சன்னம், ரைஃபிளோட கொக்கி புடிச்சு இழுக்க முடியாது, அதுல ரைஃபிளே வரல. இப்ப வருது, தோட்டாக் கூட்டோட அடிய மாத்திட்டாங்க.)

தம்பிக்கு .44 மேக்னம் மேல ஒரு கண்ணு. பெருசுன்னா நல்லதுதானேன்னான். குண்டு எடைய அவங்க க்ரெய்ன் கணக்குல சொல்வாங்க, எங்கம்மாவுக்குப் புரியற மாதிரி நான் பவுன் கணக்குல மாத்திச் சொன்னேன், .357ல சாதாரணமாப் போடற 158 க்ரெய்ன் குண்டு ஒண்ணேகால் பவுன், .44ல போடற 240 க்ரெய்ன் ரெண்டு பவுனுக்குக் கொஞ்சம் கம்மி. அம்மா ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு "ஒவ்வொரு தடவையும் ரெண்டு பவுன தூக்கி எறியறானா"ன்னு கேட்டாங்க. விஷயம் அதுதான். .44 தோட்டா வெல ஜாஸ்தி, உதையும் ஜாஸ்தி, அவன் போறது வாரக் கடைசில தகரத் தட்டு சுட, அப்பப்ப ஒரு ஃப்ரெண்டோட நெலத்துல காட்டுப்பன்னி. .357ல இன்னொரு வசதி, அதுல .38 ஸ்பெஷலும் போட்டுச் சுடலாம், அது இன்னும் சாது, நீளமான பேரல்ல இருந்து வந்தா சத்தமும் கம்மி. பொண்ணுக்குக் கத்துக் குடுக்கவும் ஆச்சு. ஆனா .38 கூடு நீளம் கம்மி, நெறைய சுட்டா தோட்டா உக்கார்ற சேம்பருக்குள்ள அந்த எடத்துல வளையமாக் கரி புடிச்சுக்கும், தேய்ச்சுக் கழுவாம அடுத்து .357 போட்டா சிக்கும். சில ரைஃபிள் அந்தக் குட்டைத் தோட்டாவ ஒழுங்கா ஏத்தாது, அத வாங்கறதுக்கு முன்னாடியே பாத்துக்கணும்.

அப்ப அவன் கேட்டான், ரிவால்வர்ல போடற அதே தோட்டாதானே அண்ணா, ரைஃபிள்ல போட்டா மட்டும் என்ன பெருசா ஆயிரும்னு.

இங்கதான் அப்பா தலையத் தூக்கினாரு. அதுவரைக்கும் அவரு குழலுக்குள்ள துணி விட்டு இழுத்துட்டே இருந்தாரு. "மருந்தப் பொறுத்துடா"ன்னாரு. அவரு பவுடர்னு சொல்ல மாட்டாரு, மருந்துன்னுதான் சொல்வாரு. அப்புறம் அடுப்பக் காட்டினாரு. காஞ்ச சருகப் போட்டா குப்புனு எரிஞ்சு அடங்கிரும், சீகைக் கட்டையப் போட்டா நின்னு எரியும். .38ல போடறது சருகு மாதிரி வேகமா எரியற மருந்து, நாலு இஞ்சுலயே வேல முடிஞ்சிரும், அதுக்கு மேல பேரல் எவ்ளோ நீளம் இருந்தாலும் பெரிய லாபம் இல்ல. மேக்னத்துல போடறது மெதுவா எரியற மருந்து, ரிவால்வர்ல கொஞ்சம் வெளிய வந்து நெருப்பாப் போகுது, அதுதான் அந்தப் பெரிய ஜ்வாலையும் சத்தமும். பதினெட்டு இஞ்சு பேரல் குடுத்தா உள்ளயே எரிஞ்சு கடைசி வரைக்கும் குண்டத் தள்ளும். அப்பா சொன்னதுக்கு நான் கணக்கு போட்டேன், நாலு இஞ்சு ரிவால்வர்ல அந்த 158 க்ரெய்ன் குண்டு செகண்டுக்கு 1250 அடி மாதிரி போகும், ரைஃபிள்ல நல்ல தோட்டான்னா 1800 கிட்ட வரும். வேகம் ஒண்ணரை மடங்கு கூட ஆகல, ஆனா குண்டு அடிக்கற பலம் ரெண்டு மடங்கு. நூறு கெஜத்துக்குள்ள பன்னிக்குப் போதும். அதுக்கு மேல சுடணும்னு ஆசப்பட்டா அவன் வேற ஜாதி ரைஃபிள் வாங்கணும், இது அதுக்கு இல்ல.

பன்னின்னதும் அம்மா ஒரு பெருமூச்சு விட்டாங்க. எங்களுக்குக் கீழ பள்ளத்துல உருளைக்கெழங்கு போட்டவங்க எல்லாம் போன மாசம் ராத்திரி டின் தட்டிட்டு முழிச்சிருந்தாங்க, அப்படியும் கெளறிட்டுப் போயிருச்சு. டெக்சாஸ்ல தனியார் நெலத்துல சொந்தக்காரன் சரின்னா காட்டுப்பன்னிக்கு 2019ல இருந்து வேட்டை லைசென்ஸ் கூட வேணாம்னு தம்பி சொன்னதக் கேட்டு அம்மாவுக்கு நம்பவே முடியல. இங்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கப்புறம் கை வெச்சா உள்ளதான். அங்க அந்தப் பன்னி ஊருக்கு வெளிய இருந்து வந்து பெருகினது, இங்க அது காட்டோட சொந்தப் பிள்ளை, ரெண்டும் ஒண்ணு இல்லைன்னு நான் ஆரம்பிச்சேன், "போய் கெழங்கு போட்டவன்கிட்ட சொல்லு"ன்னுட்டாங்க.

சரி, கேலிபர் முடிஞ்சுது, இனி ரைஃபிள். எம் மனசு பூரா 92தான். ஜான் ப்ரௌனிங் வரைஞ்சு 1892ல வின்செஸ்டர் விட்ட டிசைன், லீவர மூடினா ரெண்டு பக்கமும் ரெண்டு கட்டை மேல ஏறி, தோட்டாவுக்குப் பின்னாடி அடைச்சு நிக்கற போல்ட்ட பூட்டும், சின்ன உடம்பு, பலமான பூட்டு. இப்ப பிரேசில்ல ரோஸி கம்பெனி அத அடிக்குது, பதினாறு இஞ்சு பேரல் வெச்சா ரெண்டேகால் ரெண்டரை கிலோதான் வரும், வெலையும் மத்தத விடக் கம்மி. ஜப்பான்ல மிரோகு செய்யற வின்செஸ்டரும் இருக்கு, ஃபினிஷிங் கண்ணுல ஒத்திக்கலாம், வெலையும் அதுக்கேத்த மாதிரி. முன்னாடி சொன்ன 1873 டிசைன் இத்தாலில உபர்ட்டி செய்யறாங்க, லீவர் வெண்ணெய்ல கத்தி போற மாதிரி ஓடும், ஆனா அது போட்டிக்குப் போறவங்க சமாச்சாரம், பூட்டு அவ்ளோ பலம் இல்ல.

தம்பி ஹென்றி பிக் பாய் போட்டோ அனுப்பினான், பித்தளை உடம்பு, பளபளன்னு குத்துவெளக்கு மாதிரி. அழகுதான், ஆனா அந்த எட்டுப் பட்டை பேரல் வெச்ச மாடல் நாலு கிலோவுக்கு ஒட்டி வரும். நாலு கிலோ உதைய நல்லா முழுங்கும், தட்டு சுட சுகமா இருக்கும், ஆனா தூக்கிட்டு நடக்கறவனுக்குத்தான் தெரியும். அப்பா கைல இருந்த ரெட்டைக்குழல எடுத்து என் தோள்ல வெச்சாரு, பேசாம, ஒரு பத்து நிமிஷம் அப்படியே நின்னு பேசுன்னு. இது மூணு கிலோ சொச்சம். எனக்குக் கை கடுத்திருச்சு. அந்தப் பித்தளை மாடல்ல பக்கவாட்டுல தோட்டா போடற கதவு இல்லாம, முன்னாடி குழாய உருவித்தான் நெறைய வருஷமா போட்டாங்க, இப்ப வர்ற மாடல்ல ரெண்டும் இருக்கு. உருவற வழி ஒண்ணுக்கு நல்லது, காலி பண்றப்ப ஒவ்வொரு தோட்டாவா லீவர் அடிச்சு வெளிய எடுக்க வேணாம்.

இவ்ளோவும் பேசி 92தான்னு நான் தீர்ப்பு சொல்லப் போறப்ப அவன் கண்ணாடியக் கழட்டித் தொடச்சான். அப்பதான் எனக்கு ஒறைச்சுது. நாப்பத்தாறு வயசு, வெள்ளெழுத்து. குறி பாக்க பேரல் மேல பின்னாடி ஒரு வீ, முன்னாடி ஒரு மணி, தூரத்துல தட்டு, மூணையும் ஒண்ணா பாக்க அந்தக் கண்ணுக்கு முடியாது. கண்ணாடில செவப்புப் புள்ளி காட்டற ரெட் டாட்டோ சின்ன ஸ்கோப்போ வேணும். 92ல சுட்ட கூடு நேரா மேல தெறிக்கும், மேல ஸ்கோப் வெச்சா அதுல முட்டும், பேரல் மேல தள்ளி வெக்கற வழி ஒண்ணு இருக்கு ஆனா அது ஒட்டுப் போட்ட சட்டை. மார்லின் கம்பெனியோட 1894ங்கற மாடல்ல மேல்பக்கம் மூடின தட்டை, கூடு வலது பக்கம் போகும், ஸ்கோப்புக்குன்னே பொறந்த மாதிரி. 2020ல ரூகர் அந்தக் கம்பெனிய வாங்கினாங்க, வெல 92 விடக் கூட. எனக்கு மார்லின் பாக்க அவ்ளோ புடிக்காது, ஏதோ ஆபீசுக்குப் போற ஆள் மாதிரி இருக்கும். ஆனா சுடப் போறது என் கண்ணு இல்லையே. "1894 .357 வாங்குடா, கடைல உன் .38 தோட்டாவ எடுத்துட்டுப் போய், ஏறுதான்னு அவங்கள விட்டே காட்டச் சொல்லு"ன்னேன். "அண்ணா நீ 92ன்னுதானே ஆரம்பிச்ச"ன்னான். ஆமாடா, கண்ணாடியப் போட்டுக்கோ.

மூணு வாரம் கழிச்சு ஒரு வீடியோ வந்துச்சு. மார்லின்தான், மேல ஒரு சின்ன ரெட் டாட். அஞ்சு தடவை லீவர் அடிக்கறான், அஞ்சு தடவை தட்டு டங்குன்னு சத்தம், கூடு எல்லாம் வலது பக்கமா போய் அவன் பொண்ணு காலடில விழுது. நான் பத்து தடவை பாத்திருப்பேன், சத்தத்துக்காகவே.

அப்பாகிட்ட காட்டினேன். காதுக்குப் பக்கத்துல போன வெச்சு ரெண்டு தடவை கேட்டாரு. எந்தக் கம்பெனி, எவ்ளோ வெல, எதுவும் கேக்கல.

"என்ன மருந்துன்னு கேளு"ன்னாரு.

கேட்டேன். டப்பால எழுதலையாம்.