தும்பிக்கை போட்ட ‘லை’

சித்தரேவில் மலையேறி பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழியாகக் கொடைக்கானல் போகிற பாதையில் போயிருக்கிறீர்களா? வத்தலக்குண்டு காட் ரோட்டில் போகிற கூட்டம் இந்தப் பக்கம் அவ்வளவாக வராது, அதனாலேயோ என்னவோ இங்கே காப்பிக் குடோன்களிலும் பெட்டிக்கடைகளிலும் பழைய சுவர் விளம்பரங்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. பல்பொடி, பீடி, உரம், பம்பு செட், எல்லாம் கையால் எழுதியவை. எனக்கு இவற்றின் மேல் அப்படி ஒரு பிரியம், கேமராவைத் தூக்கிக்கொண்டு இதற்காகவே போகிறேன்.

வெயில் நாளில் போகாதீர்கள், மழை விட்ட கையோடு போங்கள். 2004 மே மாதம் புகையிலை விளம்பரத் தடை அமலுக்கு வந்த பிறகு இந்த மாதிரிச் சுவர்களில் மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள், காய்ந்திருக்கும்போது பார்த்தால் வெறும் வெள்ளைச் சுவர்தான், ஆனால் ஐப்பசி மழையில் ஊறிவிட்டால் சுண்ணாம்பு கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே இருக்கிற சிவப்பும் மஞ்சளும் தெரிய ஆரம்பிக்கும். பண்ணைக்காட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குடோனில் அப்படித்தான் ‘புகையிலை’ கிடைத்தது. ஆளுயர எழுத்து, ஓரத்தில் நீல நிழல், எழுத்துக்கு மட்டம் பார்க்க நூல் சுண்டிப் போட்ட காவிக் கோடு கூட அழியவில்லை. அந்த ‘லை’ பழைய தும்பிக்கை போட்ட ‘லை’, இப்போதுபோல் முன்னால் தனிக் குறி இல்லாமல் எழுத்தோடு ஒட்டி யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு.

அந்தத் தும்பிக்கை ஒரு துப்பு. அதை எடுத்துவிட்ட எழுத்துச் சீர்திருத்தம் 1978இல் வந்தது, அதற்கு முந்தைய சுவராக இருக்கலாம். ஆனால் பழகிய கை அரசாணைக்காக உடனே மாறிவிடாது, அப்புறமும் பல வருடம் பழைய மாதிரியே எழுதியவர்கள் உண்டு, ஆகவே முகவரியையும் பாருங்கள். ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972க்குப் பிறகு எழுதியது. வத்தலக்குண்டுக் கடைக்கு ‘மதுரை மாவட்டம்’ என்று போட்டிருந்தால் அநேகமாக 1985க்கு முன்னால், திண்டுக்கல் தனி மாவட்டம் ஆகாத காலம்.

ஒரு கடைக்கார அம்மா கேட்டார், “ஏம்ப்பா, அடுத்த வாரம் பெயிண்ட் அடிக்கப்போறோம், இதைப் போயி எடுக்குற?”

“அதுக்குத்தாம்மா ஓடியாந்தேன்.”

அமெரிக்காவில் பண்ணைக் கொட்டகைகளின் மேல் மெயில் பவுச் புகையிலை விளம்பரம் எழுதிய ஹார்லி வாரிக் 1992இல் ஓய்வு பெற்றார், அவர் எழுதிய கொட்டகைகளைத் தேடித் தேடிப் படம் எடுக்கிறார்கள். நம் ஊர் ஆர்ட்டிஸ்டுகளின் பெயர் எங்கே இருக்கிறது? சுவரின் கீழ் மூலையில், இரண்டு விரல் உயரத்தில், ‘ஆர்ட்ஸ்’ என்று முடிகிற ஒரு கையெழுத்து, பக்கத்தில் ஊர்ப் பெயர், அவ்வளவுதான். மழைத்தண்ணீர் தெறித்து முதலில் உதிர்வதும் அந்த மூலைதான். முழுச் சுவரையும் நேராக நின்று எடுத்த பிறகு உட்கார்ந்து அதைத் தனியாக ஒரு படம் எடுத்துவிடுங்கள், புல் மறைத்தால் விலக்கிவிட்டு எடுங்கள். தாண்டிக்குடி பக்கம் அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் எனக்கும் சொல்லுங்கள், அடுத்த மழைக்கு வருகிறேன்.