தையல்கடை வழியாக வந்தவர்கள்

"இலவச தையல் மிஷின் இங்கதானே குடுக்கறாங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் அவர் உள்ளே வந்தார். மிஷினுக்கு மனு கொடுப்பது கலெக்டர் ஆபீசில் இருக்கும் சமூக நல அலுவலகத்தில். அதைச் சொல்லி, எந்த பஸ் என்றும் சொன்னேன். சரி என்றார். ஆனால் எழுந்து போகவில்லை. எங்கள் மையத்தில் சமைக்கும் அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோதுதான் கவனித்தேன். வலது கை நிறையக் கண்ணாடி வளையல். இடது கையில் ஒன்றுகூட இல்லை. மணிக்கட்டைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கீறல். வளையலோடு சேர்த்துக் கையை முறுக்கினால்தான் அப்படிக் கீறும்.

மிஷினைப் பற்றியே இன்னும் கொஞ்ச நேரம் பேசினோம். பிறகு அவராகவே, "இங்க சொன்னா வெளிய தெரியாதுல்ல?" என்றார்.

தென்மாவட்டம் ஒன்றில், அரசு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்த ஒருங்கிணைந்த சேவை மையத்தில் நான் சில வருடம் கேஸ் ஒர்க்கராக இருந்தேன். வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக 2015இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் இது. சகி என்றும் சொல்வார்கள். சிகிச்சை, போலீஸ் உதவி, வக்கீல், கவுன்சலிங், ஐந்து நாள் வரை தங்க இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். நான் சேர்ந்த முதல் வருடம் இரண்டு கட்டில் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. ஊரில் பிரச்சினை குறைவு என்று நினைத்துவிட முடியாது. 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். நாடு முழுக்கப் பார்த்தால், வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி கேட்டவர்கள் 100க்கு 14 பேர்தான். 77 பேர் யாரிடமும் வாய் திறக்கவே இல்லை.

எங்கள் வாசலில் பெரிய போர்டு இருந்தது. எதிரே டீக்கடை. அந்தப் போர்டுக்குக் கீழே ஒரு பெண் நுழைந்தால் சாயங்காலத்துக்குள் அவள் தெருவுக்கே தெரிந்துவிடும். இதை யோசிக்காமல் இன்னும் நாலு இடத்தில் போர்டு வைக்க வேண்டும் என்று மாதாந்திரக் கூட்டத்தில் நானே பேசியிருக்கிறேன்.

தையல் மிஷின் கேட்டு வந்தவரிடம், இந்த இடத்தை யார் சொன்னார்கள் என்று விசாரித்தேன். "ஜாக்கெட் தைக்கிற அக்காதான். அளவு எடுக்கும்போது பாத்துட்டாங்க. மிஷின் கேக்கற மாதிரி போ, மீதி அவங்களே கேப்பாங்கன்னு சொன்னாங்க." மறுநாளே அந்தக் கடைக்குப் போனேன். எட்டுக்குப் பத்து அறை. ஒரு மிஷின், பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னால் தோளும் முதுகும் கையும் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். தையல்கடைக்கு ஏன் போனாய் என்று எந்தப் புருஷனும் கேட்பதில்லை. எங்கள் மொத்த அலுவலகத்துக்கும் எட்டாத இடம் அவருக்கு எட்டியது.

அதற்கப்புறம் என் பாதி வேலை வெளியேதான். அங்கன்வாடி டீச்சர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், மகளிர் குழு தலைவிகள், பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டும் ஆச்சி என்று தேடிப்போய்ப் பேசினேன். எல்லோருக்கும் ஒரே பயம்: "நாங்க சொல்லிவிட்டோம்னு அவன் எங்க மேல பாய்ஞ்சா?" அதற்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி, வன்முறை நடக்கிறது என்று நம்பும் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலர் என்ற அரசு அதிகாரியிடம் தகவல் சொல்லலாம். நல்ல எண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்கு எதுவும் வராது. இந்தச் சின்ன விஷயத்தைத்தான் நான் அதிகம் தடவை சொல்லியிருப்பேன். கூடவே 181, பெண்கள் உதவி எண். இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

"ஏன் இவ்வளவு நாள் பொறுத்துக்கிட்டே?" என்று மட்டும் கேட்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். அந்தக் கேள்வி வந்ததும் அடிபட்ட பெண்ணின் வாய் மூடிக்கொள்ளும். பூக்கார ஆச்சிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "சாப்ட்டியா தாயி?" என்றுதான் அவர் ஆரம்பிப்பார்.

நான் செய்த ஒரு தப்பையும் எழுதத்தான் வேண்டும். ஒரு பெண் மையத்துக்கு வந்து பேசிவிட்டுப் போனார். மறுநாள் எப்படி இருக்கிறார் என்று கேட்க, அவர் கொடுத்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். எடுத்தது கணவர். நான் யார் என்று சொல்லாமல் வைத்துவிட்டேன். ஆனால் எங்கள் ஆபீஸ் நம்பர் அந்த போனில் பதிந்துவிட்டது. அவர் பிறகு மூன்று மாதம் வரவே இல்லை. வந்தபோது முன்பல் ஒன்று போயிருந்தது. அன்றிலிருந்து, பெயரைக் கேட்பதற்கு முன்பே, எந்த நேரம் கூப்பிடலாம், வேறு யாராவது எடுத்தால் யாரென்று சொல்ல வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். எங்கள் எண்ணை "கேஸ் சிலிண்டர் புக்கிங்" என்று பதிந்து வைத்திருப்பவர்கள் உண்டு. ஒருவர் "ஸ்கூல் வேன்" என்று வைத்திருந்தார்.

இன்னொன்று, பை. இன்றைக்கே வீட்டை விட்டு வர முடியாது என்பவர்களிடம் ஒரு மஞ்சப்பை தயார் பண்ணச் சொல்வோம். ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், நகை அடகு ரசீது, கல்யாணப் பத்திரிகை. அசலை எடுத்தால் தெரிந்துவிடும் என்றால் போட்டோ காப்பி போதும். அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அங்கே போடும் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவின் நகலும் அதில் இருக்க வேண்டும். "கீழ விழுந்துட்டேன்" என்று சொல்லி வைத்தியம் பார்த்தவர்கள்தான் அதிகம். அப்படி எழுதிய சீட்டு பிற்பாடு கோர்ட்டில் கழுத்தைப் பிடிக்கும்.

பை எங்கே இருக்கும்? பெரும்பாலும் தையல்கடையில், வெட்டுத்துணி மூட்டைக்கு அடியில்.

1973இலேயே பெண்களைக் காவல்துறையில் சேர்க்கத் தொடங்கிய மாநிலம் நம்முடையது. 1992இல் சென்னை ஆயிரம்விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. நல்ல இன்ஸ்பெக்டர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். "புருஷன் பொண்டாட்டி சண்டை, பேசித் தீத்துக்கோங்க" என்று மனு ரசீதுகூடத் தராமல் அனுப்பிவிட்ட ஸ்டேஷனையும் பார்த்திருக்கிறேன். அங்கே முட்டிக்கொண்டு நிற்பவர்களிடம், போலீஸைத் தவிர வேறு வழியும் உண்டு என்று சொல்ல வேண்டியிருக்கும். பாதுகாப்பு அலுவலர் டி.ஐ.ஆர். என்ற குடும்ப வன்முறை அறிக்கை எழுதுவார். அதோடு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பாராமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும்.

"வீடு மாமியார் பேர்ல இருக்கு. நான் எங்க போவேன்?" என்ற கேள்விக்கும் பதில் உண்டு. சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமைக்குப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது தடையில்லை. கணவனின் உறவினருக்குச் சொந்தமான வீட்டுக்கும் இது பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதைக் கேட்ட ஒருவர், "அப்ப நான் வெளிய போக வேண்டாமா?" என்று இரண்டு தடவை கேட்டார். பதினோரு வருடமாக ஒவ்வொரு சண்டையிலும் "வெளிய போ" என்ற வார்த்தையைக் கேட்டவர் அவர்.

வன்முறையைத் தடுப்பது என்று சொன்னால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அம்மா வீடுதான். கல்யாணமான மூன்றாம் மாதம் கன்னம் வீங்கி வந்த மகளைச் சோறு போட்டு, பூ வைத்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று திருப்பி அனுப்பிய அம்மாக்கள் எத்தனை பேர் எங்கள் மையத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். அதனால் குழுக் கூட்டங்களில் நான் மருமகள்களைவிட மாமியார் வயதுக்காரர்களிடம்தான் அதிகம் பேசினேன். "குடிச்சாத்தான் மேடம் அடிப்பாரு" என்பார்கள். குடித்துவிட்டு ஒயின்ஷாப் ஆளை அடித்தாரா, முதலாளியை அடித்தாரா என்று கேட்பேன். கூட்டத்தில் யாரும் பேச மாட்டார்கள். கடைசி வரிசையில் யாராவது ஒருவர் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்வார்.

அந்த வேலையிலிருந்து நான் மாறுதலாகி வரும்போது கட்டில் இரண்டும் போதவில்லை. பாய் வாங்கிப் போட்டிருந்தோம். கிளம்பும் அன்று மதியம் தையல்கடை அக்கா போன் செய்தார்.

"பிளவுஸ் ஒண்ணு ரெடியா இருக்கு மேடம். ஆட்டோல குடுத்தனுப்பவா?"

"கூட எத்தனை?"

"சின்னது ரெண்டு."

அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு, சமைக்கும் அக்காவிடம் இன்னும் அரைப்படி அரிசி போடச் சொன்னேன்.